நாகம்மை ஆச்சி சாமான் பரப்பிய நாள்

மகளுக்குப் பேர் வைப்பதற்கு முன்பே நாகம்மை அவளுக்கு முதல் பாத்திரத்தை வாங்கிவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பித்தளைச் செம்பு. மலேசியாவில், குளுவாங் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே புருஷன் கண்ணையாவைக் கடைக்கு விரட்டினாள்.

"புள்ளைக்குத் துணிமணி வாங்கணும், அத விட்டுட்டு செம்பு எதுக்கு?" என்று அவர் கேட்டார்.

"பொட்டப்புள்ள பொறந்திருக்கா. இன்னைக்கி ஆரம்பிச்சாத்தானே கல்யாணத்துக்குள்ள சாமான் சேரும்" என்றாள் நாகம்மை.

செட்டிநாட்டு வழியில் வந்த குடும்பங்களில் பெண்ணைப் பெற்றவளுக்கு அது பெரிய பொறுப்பு. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மங்கு என்கிற பீங்கான், மரம், ஓலை என்று மகள் ஒரு குடும்பம் நடத்த வேண்டிய அத்தனையையும் தாய்தான் சேர்க்க வேண்டும். கல்யாணத்தின்போது அதையெல்லாம் வீட்டுக் கூடத்தில் அடுக்கடுக்காகப் பரப்பி வைப்பார்கள். வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். தாய் ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாதவள் போல நின்றுகொண்டிருப்பாள். அவள் மனசு மட்டும் ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஏறி இறங்கும்.

அந்த ஒரு நாளுக்காக நாகம்மை பட்ட பாடு கொஞ்சமல்ல. காரைக்குடிக்கு ஒரு தடவை போய்த் திரும்பும்போது அண்டாவின் எடைக்கு இடம் வேண்டும் என்று தன் புடவைகளை அங்கேயே சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, கட்டிய புடவையோடு விமானம் ஏறினாள். இங்கே வந்து இறங்கியதும் சுங்க அதிகாரி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மக்சிக், சாப்பாட்டுக் கடை தொறக்கப் போறீங்களா?" என்று அத்தை முறை வைத்து மலாயில் கேட்டார். "இல்ல ஐயா, எனக்கு ஒரு மக இருக்கா" என்று நாகம்மை மலாயிலேயே பதில் சொன்னாள். அந்த மனிதருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டு மூட்டையை அவரே கட்டிக் கொடுத்தார்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கண்ணையாவின் ஜவுளிக்கடை. கீழே கடை, மேலே வீடு. மாடியில் பின்பக்கத்து அறை முழுவதும் மகள் சுபத்ராவின் சாமான். ஒவ்வொன்றிலும் அவள் பேர் வெட்டியிருக்கும். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் நாகம்மை எல்லாவற்றையும் இறக்கி, புளி போட்டு விளக்கி, வெயிலில் காயவைத்து, துணி சுற்றித் திரும்ப அடுக்குவாள். ஒரு கரண்டியில்கூட யாரும் குழம்பு கிண்டியதில்லை.

இப்படி இருபத்தெட்டு வருஷம் சேர்த்த சாமானை, சுபத்ரா ஒரே ஒரு டெலிபோன் பேச்சில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அவள் சிங்கப்பூரில் கணக்காய்வு வேலையில் இருந்தாள். ஜொகூர் பாருவில் தங்கி, தினமும் பாலம் தாண்டிப் போய் வந்தாள். கூட வேலை பார்த்த சிறீகாந்தனைப் பிடித்துப்போயிற்று. யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். அப்பா வைத்தியலிங்கம் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அம்மா தவமணிதேவி. வேறு ஆட்கள் என்று நாகம்மை நாலைந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது உண்மைதான். பையன் வீட்டுக்கு வந்து, அவள் வைத்த வத்தக்குழம்பை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும் அதுவும் கரைந்துபோனது. அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது.

"கோயில் மண்டபத்துல மொத நாளு சாமான் பரப்பிருவோம்டி. லாரிக்கு ஒங்கப்பச்சி சொல்லிட்டாக" என்றாள் டெலிபோனில்.

"ஐயோ ஆத்தா! நாங்க தெப்ராவ்ல எடுத்திருக்குறது பத்தொன்பதாவது மாடி. அண்டாவ எங்க வைக்கிறது, லிஃப்ட்லயா? இப்பல்லாம் யாரு இத வச்சுக்குறா? அவங்க வீட்லயும் ஒன்னும் வேணாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு எதுவுமே வேணாம், நீங்க வந்தாப் போதும் லா."

கடைசியில் சொன்ன அந்த நாலு வார்த்தை நாகம்மையின் காதில் விழவில்லை. 'எனக்கு எதுவுமே வேணாம்' என்பதோடு அவள் காது அடைத்துவிட்டது. டெலிபோனை வைத்தாள். மாடிக்குப் போய் அந்த அறையைப் பூட்டினாள். கல்யாணத்தன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். கண்ணையா தனியாகப் போய்த் தாரைவார்த்துக் கொடுத்துவிட்டு, வாழையிலையில் கட்டிய சாப்பாட்டோடு திரும்பி வந்தார். அதை அவள் தொடவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம். தாயும் மகளும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் பேச்சு நின்றதா என்றால், அதுவும் இல்லை. எல்லாம் கண்ணையா வழியாகப் போகும், கண்ணையா வழியாக வரும். தீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்திருந்தபோது நாலு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

"அப்பச்சி, கறியில உப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்லுங்க."

"என்னங்க, உப்பு வேணும்ங்கறவுகள எடுத்துப் போட்டுக்கச் சொல்லுங்க."

"அப்பச்சி, நல்லாத்தான் இருக்குன்னும் சொல்லுங்க."

"அதுவும் கேட்டுச்சுன்னு சொல்லுங்க."

நடுவில் கண்ணையா வாயில் வைத்த சோற்றை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார். சிறீகாந்தன் உப்பு டப்பாவை மெல்ல நகர்த்தி மனைவியின் பக்கம் வைப்பான்.

ராத்திரியில் சுபத்ரா இருமினால், "இஞ்சித் தண்ணி வச்சிருக்கேன், குடிக்கச் சொல்லுங்க" என்று இந்தப் பக்கத்திலிருந்து குரல் போகும். அன்பு இருந்தது. அது நேர்வழியில் போகாமல் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். முதலில் யார் பேசுவது என்ற வீம்பு இரண்டு பேருக்கும் சமம். அதுவும் ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்கு வந்ததுதானே.

இப்படி இருக்கும்போதுதான் லோஷினி என்ற பெண் ஜவுளிக்கடைக்கு வந்தாள். ஜொகூர் பாருவில் ஒரு மரபுடைமைக் கழகத்தில் வேலை. பழைய மண்டபம் ஒன்றில் கண்காட்சி வைக்கப் போகிறார்கள். தோட்டத் தொழிலாளிகளின் லயத்து வீடு, ரயில்வே குவார்ட்டர்ஸ், கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தாவின் வீடு, செட்டியார் வீடு என்று நம்மவர்கள் இங்கே வாழ்ந்த வீடுகள் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் அறையில் காட்டுவார்களாம். சிகாமாட்டிலிருந்தும் லாபிஸிலிருந்தும் குளுவாங்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்களை அழைத்து வரப் பேருந்து ஏற்பாடாம். காலையில் கண்காட்சி, மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு விளையாட்டு, சாயங்காலம் கடற்கரை. அறைகளில் தொங்கவிடத் துணி வாங்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"எல்லாம் கெடச்சிருச்சு அங்கிள். செட்டியார் வீட்டு ரூம்தான் வெறிச்சுன்னு இருக்கு. சாமான் பரப்புவாங்களாமே, அதக் காட்டணும்னு ஆசை. முழு செட் யார்கிட்டயும் இல்ல."

கண்ணையாவுக்கு வாய் நிற்காது. "மாடியில வந்து பாரும்மா" என்றுவிட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் நாகம்மை கொதித்துப்போனாள். "மியூசியமா? அது செத்தவுக சாமான் வைக்கிற எடம்லங்க! எங்க பாத்தாலும் இன்னார் வச்சிருந்த கத்தி, இன்னார் படுத்த கட்டில்னு எழுதி வச்சிருப்பான். எம் மக சாமானயா அங்க கொண்டுபோய் வைக்கச் சொல்றீக?" இந்த எண்ணம் அவளுக்கு இன்று நேற்று வந்ததல்ல. சுபத்ரா பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது எல்லாரும் மலாக்காவுக்குச் சுற்றுலா போனார்கள். மற்றவர்கள் மியூசியத்துக்குள் போய் வரும்வரை நாகம்மை பேருந்திலேயே உட்கார்ந்திருந்தாள். மகளையும் வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றித்தான் உள்ளே விட்டாள்.

லோஷினி அறைக் கதவருகில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆண்ட்டி, இதுல ஒன்னுகூடப் புழங்குன மாதிரி தெரியலையே. எப்படி இவ்வளவு புதுசா இருக்கு?"

கண்ணையா இருமினார். நாகம்மை ஒரு தூக்குவாளியை எடுத்து, இல்லாத தூசியைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மண்டபம் ஜொகூர் பாருல எந்தப் பக்கம்மா?"

"டவுன்லதான் ஆண்ட்டி. தெப்ராவ்லேருந்து வந்தாக்கூட பக்கம்தான்."

தெப்ராவ். அந்தப் பேரைக் கேட்டதும் தூக்குவாளியைத் துடைத்த கை நின்றது. கூப்பிடக் கௌரவம் விடாது. ஆனால் மகளின் வீட்டுப் பக்கத்திலேயே சாமானைப் பரப்பி வைத்தால், ஒருவேளை, மகள் ஒரு தடவை வந்து பார்க்கமாட்டாளா? பார்த்தால் போதும். எடுத்துக்கொள்ளக்கூட வேண்டாம். ஆத்தா எனக்காக இத்தனை சேர்த்தாளா என்று ஒரு தடவை அவள் கண் விரிய வேண்டும். நாகம்மைக்கு அந்த ஒரு பார்வை போதும்.

"கண்காட்சி முடிஞ்சதும் ஒரு கரண்டி கொறையாமத் திரும்பி வரணும்" என்றாள் லோஷினியிடம். அவள் போன பிறகு புருஷனிடம் திரும்பி, "ஒங்க மககிட்ட வாயத் தொறந்து சொல்லிப்பிடாதீக. தானா தெரிஞ்சு வந்தா வரட்டும்" என்றாள்.

சனிக்கிழமை லாரி வந்தது. மண்டபத்தில் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பாத்திரம், பக்கத்தில் ஓர் அட்டை என்பது லோஷினியின் திட்டம்.

"ஒன்னு ஒன்னா வச்சா அது கடைம்மா" என்றாள் நாகம்மை. "ஜமுக்காளம் இருக்கா?"

பெட்டிகள் அடுத்த அறைக்குப் போயின. ஜமுக்காளம் விரிந்தது. நாகம்மை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பின்னால் அண்டாவும் தவலையும் குண்டானும், அதற்கு முன்னால் எவர்சில்வர் அடுக்கு, பித்தளை வரிசை, மங்குத் தட்டுகள், மரவை, வெற்றிலைப் பெட்டி, பணியாரச் சட்டி, முறுக்கு அச்சு, ஓலைக் கொட்டான், பூப் போட்ட தடுக்கு, இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு என்று வாங்கிய அடுக்குச் சட்டி, பெட்டி பிரிக்காத மின்சார ரைஸ் குக்கர் வரை எல்லாம் தன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. கடைசியில் விளக்குமாற்றைக்கூட ஓர் ஓரமாக வைத்தாள். விளக்கைப் போட்டதும் அறையே தகதகவென்று மின்னியது. நாகம்மை எழுந்து, எட்டி நின்று பார்த்தாள். இத்தனை வருஷமாகக் கண்ணை மூடினால் தெரிந்த காட்சி, இன்றைக்குக் கண்ணைத் திறந்தும் தெரிந்தது. பெண் மட்டும்தான் இல்லை.

கண்ணையா பின்னால் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். சொல்லத்தானே கூடாது என்றாள், படம் அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லையே! மண்டபத்தின் பேரை மட்டும் போட்டு, குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் குழுவில் சுபத்ரா இருந்தாள். லாபிஸில் இருக்கும் அவருடைய அக்கா சொக்கு ஆச்சியும் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபம் திருவிழாப் போல இருந்தது. வாசலில் பேருந்து மேல் பேருந்தாக நின்றது. பிள்ளைகள் காகிதத் தொப்பியோடு ஓடின. தேத்தாரே டீக்கடையில் வரிசை நீண்டது. லயத்து வீட்டு அறையில் ரப்பர் பால் வாளியைத் தூக்கித் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ள அடிதடி. நாகம்மை செட்டியார் வீட்டு அறைத் தூணருகில் நின்றிருந்தாள். ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் தலை நிமிர்வாள், பார்ப்பாள், குனிந்துகொள்வாள்.

பத்து மணிவாக்கில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து பட்டுப்புடவையும் வைரத்தோடும் மல்லிகைப் பூவுமாகப் பெண்கள் இறங்கினார்கள். முன்னால் சொக்கு ஆச்சி. கையில் மாவுருண்டைத் தூக்கு, கக்கத்தில் ஒரு சங்கு.

"நாகம்மே! கமுக்கமா இருந்து காரியத்த முடிச்சிட்டியே!" அறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். "அடேயப்பா... மகராசி, இம்புட்டா சேத்து வச்சிருந்தே! நாஞ் சொல்லலயாங்கறேன், இவ கோவம் எத்தன நாளைக்கின்னு? படத்தப் பாத்ததும் தூக்கமே வரல. கோயில்ல கட்டுன தாலி கழுத்துல கெடந்தா என்ன, நம்ம மொறைக்கும் ஒரு தடவ செஞ்சு அனுப்புறதுதானே அழகு! சங்கு ஊத ஆளு வச்சிருக்கியா, நானே ஊதணுமா? சரி சரி, பொண்ணு எங்க?"

"ஆச்சி... இது... இது கல்யாணம் இல்ல ஆச்சி. கண்காட்சி."

"என்னாது?"

"மியூசியத்துலேருந்து கேட்டாக. சும்மா பாக்குறதுக்கு வச்சிருக்கு."

சொக்கு ஆச்சி சுற்றிலும் பார்த்தார். கயிறு கட்டியிருந்தது. 'தொட வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அரைக்கால் சட்டை போட்ட சுற்றுலாக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஆச்சியின் முகம் மெல்ல வாடியது.

"அப்ப பொண்ணு வரலையா?"

"வரல ஆச்சி" என்றாள் நாகம்மை. லாபிஸிலிருந்து வந்த பட்டுப்புடவைகள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அதற்குள் ஒரு சீனக் குடும்பம் ஓடி வந்து, இவர்களும் கண்காட்சியைச் சேர்ந்தவர்கள் என்று நினைத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. "சிரிங்கடி, வந்ததுக்கு இதாவது மிச்சம்" என்றார் சொக்கு ஆச்சி பல்லைக் கடித்துக்கொண்டு. லோஷினிக்கு மட்டும் தாங்க முடியாத சந்தோஷம். கூட்டம் இந்த அறைக்கே திரண்டது. நாகம்மைக்கோ பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

அந்தக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டுதான் சுபத்ரா வந்தாள். வீட்டில் போட்டிருந்த சட்டை, வாரப்படாத தலை, அழுது வீங்கிய கண். பின்னால் சிறீகாந்தன், அவனுடைய அப்பா, அம்மா.

நாகம்மை அவளைத்தான் பார்த்தாள். சுபத்ரா தாயைப் பார்க்கவில்லை. பரப்பியிருந்த சாமானை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தாய் காத்திருந்த பார்வை அது. ஆனால் அதில் வியப்பு இல்லை. உதடு துடித்தது.

"அப்பச்சி! அவங்ககிட்டச் சொல்லுங்க. என்னத் தலமுழுகுறதுன்னா நேரா மூஞ்சிக்கு நேரா முழுகச் சொல்லுங்க. இப்படி ஊரக் கூட்டி..." குரல் உடைந்தது. "இந்த மண்டபத்துல மியூசியம் போடுறாங்கன்னு ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கு. மியூசியம் யாரோட சாமான வைக்கிற எடம்னு அவங்கதானே எனக்குச் சொன்னாங்க? நான் செத்துட்டேன்னுதானே கொண்டாந்து வச்சிருக்காங்க?"

அப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று நாகம்மை கனவிலும் நினைக்கவில்லை. "என்னங்க! என்னங்க, அவகிட்டச் சொல்லுங்க, நான் அதுக்காக வைக்கல, சத்தியமா..."

இரண்டு பேரும் கண்ணையாவைப் பார்த்தார்கள். கூட்டமே கண்ணையாவைப் பார்த்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"நான் சொல்லமாட்டேன்" என்றார்.

"அப்பச்சி?"

"நாலு வருஷமா நான் தபால்காரன். போதும். கால் வலிக்குது. இன்னைக்கித் தபாலாபீஸ் லீவு." சம்பந்தியின் தோளில் கையைப் போட்டார். "வாங்க வைத்தியலிங்கம், கீழ காப்பி நல்லாருக்காம்."

நிஜமாகவே போய்விட்டார். தாயும் மகளும் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். இடையில் ஆள் இல்லை. எப்படித் தொடங்குவது என்று இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

நாகம்மைதான் முதலில் வாயைத் திறந்தாள். "தெப்ராவ் பக்கத்துலன்னு சொன்னாக. அதான் குடுத்தேன்." கயிற்றை ஒட்டி வந்து நின்றாள். "நீ வந்து பாப்பேன்னு. வேற எதுக்கும் இல்லடி. நீ ஒரு தடவ பாக்கணும்னுதான். நீ நூறு வருஷம் இருக்கணும்டி, வாயக் கழுவு."

சுபத்ரா அழுதுகொண்டே கேட்டாள். "பாக்கணும்னா என்னக் கூப்புட வேண்டியதுதானே ஆத்தா?"

"எப்படிக் கூப்புடுறது? எதுவுமே வேணாம்னு சொன்னவள எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்புடுறது? இந்தச் சாமான் வேணாம்னா... நான் வேணாம்னுதானே அர்த்தம்?"

"நீங்க வந்தாப் போதும்னுதானே சொன்னேன்!" சுபத்ரா கத்தினாள். அறையில் ஒரு பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "அதே போன்லதானே சொன்னேன்! வாசலையே பாத்துக்கிட்டு மணவறையில உக்காந்திருந்தேன், தெரியுமா? ஐயர் மூனு தடவ கூப்புட்டாரு, அம்மா எங்கன்னு. நான் வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்..."

நாகம்மை கயிற்றைத் தாண்டினாளா, கயிறு அவள் காலில் சிக்கி அறுந்ததா என்பது யாருக்கும் தெரியாது. மகளை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நாலு வருஷமும் கண்ணீராகக் கரைந்து ஓடியது. "பாவி நான், பாவி நான்" என்று அவள் சொல்லச் சொல்ல, சுபத்ரா "ஆமா, ஆமா" என்று அவள் தோளிலேயே தலையை முட்டிக்கொண்டாள். பார்த்துக்கொண்டிருந்த சீன அம்மாள் கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டுத் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இத்தனை நேரமும் பின்னால் நின்ற தவமணிதேவி முன்னுக்கு வந்தார். "அக்கா, என்னை மன்னிக்கோணும். ஒண்டும் வேண்டாமெண்டு அண்டைக்குச் சொன்னது நான்தான். சீர் எண்டு கேட்டு உங்களுக்குப் பாரம் தரக்கூடாதெண்டு நினைச்சன். இது பிள்ளை பிறந்த நாள் துவங்கி நீங்கள் பொத்திப் பொத்திச் சேர்த்ததெண்டு எனக்கு ஆர் சொன்னது?" நாகம்மையின் கையைப் பிடித்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து பார்க்கிறதுதானே முறை? நாங்கள் வந்திட்டம். காட்டுங்கோ."

சொக்கு ஆச்சிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? "பொண்ணு வந்தாச்சு, மாப்ள வீட்டாளுக வந்தாச்சு, இன்னும் என்ன கண்காட்சி!" என்று சங்கை வாயில் வைத்து ஊதினார் பாருங்கள், மண்டபமே அதிர்ந்தது. கிராணி வீட்டு அறையிலும் ரயில்வே அறையிலும் இருந்த கூட்டம் ஓடி வந்தது. காவலுக்கு நின்ற மலாய்க்காரர் அலறியடித்துக்கொண்டு வந்து, "அலமாக்! மக்சிக், தாக் போலே, தாக் போலே!" என்று, கூடாது கூடாது எனக் கையை ஆட்டினார். அவர் கையில் சொக்கு ஆச்சி ஒரு மாவுருண்டையை வைத்து மூடினார். அவர் அதைப் பார்த்தார், லோஷினியைப் பார்த்தார். லோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள். அவரும் வாயில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்.

அன்று மத்தியானம் வரை நாகம்மை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். இது எந்த ஊரில் வாங்கியது, இதற்கு யாரிடம் என்ன சண்டை போட்டது, அண்டாவுக்காக எத்தனை புடவையை விட்டுவிட்டு வந்தது என்று எல்லாம் சொன்னாள். புடவைக் கதையைக் கேட்டபோது சுபத்ராவின் கண் விரிந்தது. "எனக்குச் சொன்னதே இல்லையே ஆத்தா!" நாகம்மை அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். பேருந்தில் வந்தவர்கள் எல்லாம் கல்யாண வீட்டு ஆட்கள் மாதிரி சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கடற்கரைக்குக் கூப்பிட்டபோது பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் லாபிஸ் வேன் புறப்பட்டது. குளுவாங் பேருந்தும் புறப்படத் தயாராக நின்றது. கண்ணையா ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தார். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

"நீங்க போங்க, கடையத் தொறக்கணும்ல" என்றாள் நாகம்மை கீழே நின்றபடி. "நான் அங்கிட்டுப் போய் எடம் இருக்கா இல்லையான்னு என் கண்ணால பாத்துட்டு வர்றேன். இவ சொல்றத எப்படி நம்புறது?"

"ஆத்தா, நெசமாவே எடம் இல்ல" என்றாள் சுபத்ரா.

"அத நான் சொல்றேன்."

பத்தொன்பதாவது மாடியில் லிஃப்ட் நின்றதும் நாகம்மை வலது காலை எடுத்து வைத்து அந்த வீட்டுக்குள் முதல் தடவையாக நுழைந்தாள். வரவேற்பறையில் நிற்காமல் நேரே சமையலறைக்குப் போனாள். சின்ன இடம்தான். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். அவள் இடுப்பில் கை வைத்து மேலேயும் கீழேயும் பார்த்தாள். சுவரோரம் நின்ற அலமாரியைத் தட்டிப் பார்த்தாள். அதற்கும் அடுப்புக்கும் நடுவில் சாணால் அளந்தாள்.

"மாப்ள, இதக் கொஞ்சம் சன்னல் பக்கமா நகட்டினா, இந்த மூலையில அண்டா ஒக்காரும்ல?"

"ஓம் மாமி, வடிவா இருக்கும்" என்றான் சிறீகாந்தன். அவன் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு அலமாரியின் மறுபக்கத்தைப் பிடித்திருந்தான்.

"சுபத்ரா, வேடிக்க பாக்காத, நடுவுல புடி" என்றாள் நாகம்மை.

"புடிச்சுட்டேன் ஆத்தா" என்றாள் மகள்.